ஏழுக்கு ஒன்று, இரண்டு முறை: பிளின்ட் நகரத்தின் குடிநீரை முடிவு செய்தது யார்?

2015 மார்ச் 23ஆம் தேதி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் பிளின்ட் நகரத்தின் கவுன்சில் ஒரு தீர்மானத்தை 7-1 என்ற கணக்கில் நிறைவேற்றியது. பிளின்ட் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் கொடுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டு, பழையபடி டெட்ராய்ட்டிடமே தண்ணீர் வாங்க வேண்டும், அதற்கு என்னென்ன தேவையோ அத்தனையும் செய்ய வேண்டும் என்பதுதான் தீர்மானம். மறுநாளே ஜெர்ரி ஆம்ப்ரோஸ் என்பவரிடமிருந்து பதில் வந்தது. ஆண்டுக்கு 1.2 கோடி டாலருக்கு மேல் வெளியே அனுப்ப ஏழு உறுப்பினர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது தனக்குப் புரியவே இல்லை, டெட்ராய்ட் தண்ணீர் பிளின்ட் தண்ணீரைவிடப் பாதுகாப்பானது ஒன்றும் இல்லை என்றார். தீர்மானம் அத்தோடு முடிந்தது. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலின் முடிவை ஓரம் தள்ளிய ஆம்ப்ரோஸுக்கு அந்த ஊரில் ஒருவர்கூட ஓட்டுப் போட்டதில்லை. அவர் மாநில அரசு நியமித்த அவசர நிர்வாகி.

பிளின்ட்டின் கதையை உலகம் ஈயத்தின் கதையாகத்தான் கேட்டது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம், குழாயில் பழுப்பு நிறத் தண்ணீர், பாட்டில் தண்ணீருக்கு நீண்ட வரிசை. அதெல்லாம் நடந்தது. ஆனால் ஒரு சிறு நகரத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, தவறாகப் போன முடிவைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதற்கும் இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் அதே கவுன்சில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு தண்ணீர்த் தீர்மானத்தையும் இதே 7-1 கணக்கில்தான் நிறைவேற்றியிருந்தது. முதல் ஓட்டு நிர்வாகத்துக்குப் பிடித்த ஓட்டு. பிரச்சினை வெடித்த பிறகு, பழி வந்தபோதெல்லாம் அதை எடுத்துக் காட்டினார்கள். இரண்டாவது ஓட்டு பிடிக்காத ஓட்டு. அதை ஒருவரும் மதிக்கவில்லை.

கார் நகரம், காலி கஜானா

பிளின்ட் டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே சுமார் 105 கிலோமீட்டரில் இருக்கிறது. 1908இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். 1936-37 குளிர்காலத்தில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து நடத்திய வேலைநிறுத்தம் அமெரிக்க மோட்டார் தொழிலாளர் சங்கத்தை நிலைநிறுத்தியது இங்கேதான். 1960இல் இங்கே கிட்டத்தட்ட 1.97 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2010 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 1.02 லட்சம். அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். பத்துப் பேரில் நான்கு பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே.

ஊர் சுருங்கியது, குழாய் சுருங்கவில்லை. இரண்டு லட்சம் பேருக்கும் பெரிய பெரிய ஆலைகளுக்கும் சேர்த்துப் போட்ட குழாய்களைப் பராமரிக்கும் செலவு முழுவதும் மிச்சமிருந்த பாதி ஜனங்களின் தலையில் விழுந்தது. ஆள் குறைந்த தெருக்களில் தண்ணீர் நகராமல் குழாயிலேயே கிடந்தது. தண்ணீருக்கு மாதம் நூறு டாலருக்கு மேல் பில் வருவது அங்கே சாதாரணம். ஏழை ஊரில் தண்ணீர் விலை அதிகமாக இருந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது அவசியம்: டெட்ராய்ட்டிடமிருந்து விடுபட வேண்டும் என்ற ஆசை மேலே இருந்து மட்டும் வந்ததல்ல, ஊருக்குள்ளும் பரவலாக இருந்தது.

1967 முதல் பிளின்ட் டெட்ராய்ட்டின் தண்ணீரைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. ஹூரான் ஏரியில் எடுத்து, சுத்திகரித்து, மருந்து கலந்து குழாயில் வந்துவிடும். ஊரின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஆபத்துக்கு உதவும் என்று ஒப்புக்கு வைக்கப்பட்டிருந்தது. நாற்பது ஐம்பது வருடங்களாக அது முழுநேரமாக ஓடியதே இல்லை.

அவசர நிர்வாகி

2011 நவம்பர் 8ஆம் தேதி நகரத் தேர்தல். மேயர் டெய்ன் வாலிங் மறுபடி ஜெயித்தார். அதே நாளில், பிளின்ட் நிதி நெருக்கடியில் இருக்கிறது என்று மாநிலத்தின் ஆய்வுக் குழு அறிவித்தது. சில வாரங்களில் அவசர நிர்வாகி வந்து உட்கார்ந்தார். மேயரும் கவுன்சிலர்களும் பதவியில் இருந்தார்கள், அதிகாரம் போய்விட்டது. அவர்களின் சம்பளத்தையும் புதிய நிர்வாகி நிறுத்தினார்.

தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது தனி அலுவலர்கள் வந்தார்கள், நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. அதை அனுபவித்த வாசகர்களுக்கு இது ஓரளவு பழக்கமாகத் தெரியலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே கவுன்சில் இல்லாத இடைவெளியை நிரப்பத்தான் தனி அலுவலர். அங்கே கவுன்சில் இருந்தது, கூடியது, பேசியது, ஓட்டுப் போட்டது. அந்த ஓட்டு எதையும் கட்டுப்படுத்தவில்லை.

அந்தச் சட்டத்தின் கதையும் சாதாரணமானதல்ல. 2011இல் கொண்டுவந்த நான்காம் எண் சட்டம் அவசர நிர்வாகிக்கு ஒப்பந்தங்களை ரத்து செய்யவும், சொத்துகளை விற்கவும், கவுன்சில் தீர்மானங்களை ஒதுக்கவும் அதிகாரம் கொடுத்தது. 2012 நவம்பரில் மிச்சிகன் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த மாதமே ஆளுநர் ரிக் ஸ்னைடரின் ஆட்சியில் (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர், நம் முதல்வர் போன்றவர்) ஏறக்குறைய அதே உள்ளடக்கத்தோடு 436ஆம் எண் சட்டம் நிறைவேறியது. இந்த முறை அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டார்கள். நிதி ஒதுக்கீடு உள்ள சட்டத்தை மிச்சிகனில் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது. மாநிலம் முழுக்க மக்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்று, அவர்கள் மறுபடி வேண்டாம் என்று சொல்ல முடியாத வடிவத்தில் திரும்பி வந்தது. பிளின்ட்டின் தண்ணீர் முடிவுகளில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவை. 2013இல் டெட்ராய்ட், பிளின்ட் போன்ற நகரங்களைச் சேர்த்துப் பார்த்தால், மிச்சிகனின் கறுப்பின மக்களில் பாதிக்கு அருகில் இப்படி நியமன நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள். இதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

முதல் ஓட்டு

2013 மார்ச் 25. பிளின்ட் அடங்கிய ஜெனசி மாவட்டம் ஹூரான் ஏரியிலிருந்து தானே ஒரு புதிய குழாய் போடத் திட்டமிட்டிருந்தது. அதை நடத்தும் அமைப்பின் பெயர் கரெக்னாண்டி நீர் ஆணையம். இதில் சேர்ந்தால் 25 ஆண்டுகளில் 20 கோடி டாலர் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். கவுன்சிலுக்கு இதில் ஒரு பெருமையும் இருந்தது: இனி டெட்ராய்ட் ஏற்றும் விலைக்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். 7-1 என்று சேர ஒப்புக்கொண்டார்கள்.

அந்தத் தீர்மானத்தில் கவுன்சில் ஒரு திருத்தம் செய்தது. நாளொன்றுக்கு 1.8 கோடி கேலன் வேண்டாம், 1.6 கோடி போதும் என்றது. சில நாட்களில் அப்போதைய அவசர நிர்வாகி எட் கர்ட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், 1.8 கோடிக்கு. இந்தச் சின்ன விவரத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். கவுன்சிலின் ஒப்புதல் தேவைப்பட்டது, அதன் கருத்து தேவைப்படவில்லை. அதன் பிறகு மாநில நிதித் துறையும் சம்மதித்தது. ஏப்ரல் 17ஆம் தேதி டெட்ராய்ட், இன்னும் ஒரு வருடத்தில் உங்களுடனான ஒப்பந்தம் முடிகிறது என்று நோட்டீஸ் அனுப்பியது.

புதிய குழாய் தயாராக இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். டெட்ராய்ட் ஒப்பந்தம் ஒரு வருடத்தில் முடிகிறது. இடையில் என்ன குடிப்பது? இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விலை கூடினாலும் டெட்ராய்ட்டிடம் தற்காலிகமாக வாங்குவது. இன்னொன்று, ஊர் நடுவே ஓடும் பிளின்ட் ஆற்றில் எடுத்து, பழைய நிலையத்தில் சுத்திகரித்துக் கொடுப்பது. ஆற்றுக்குப் போனால் சுமார் 50 லட்சம் டாலர் மிச்சமாகும்.

இந்தக் கேள்வி கவுன்சிலில் ஓட்டுக்கு வரவே இல்லை. 2013 ஜூனில், ஆற்றுத் தண்ணீருக்கு நிலையத்தைத் தயார்படுத்தும் பொறியியல் பணிக்கு அவசர நிர்வாகி உத்தரவு போட்டார். பின்னர் அந்தப் பதவிக்கு வந்த டார்னெல் ஏர்லி, 2014 மார்ச்சில் டெட்ராய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், தொடர்ந்து தண்ணீர் தர முன்வந்ததற்கு நன்றி, எங்கள் நிலையம் ஆற்று நீரோடு தயாராகிவிடும் என்றார். பின்னாளில் பிரச்சினை வெடித்தபோது அதே ஏர்லி, ஆற்றுக்குப் போகும் முடிவு கவுன்சிலும் மேயரும் தனக்கு முன்பே எடுத்தது என்று 2013 ஓட்டைக் காட்டினார். அந்தத் தீர்மானம் புதிய ஏரிக் குழாயைப் பற்றியது. ஆறு என்பது அதற்கு இடைக்கால ஏற்பாடாக மேலே இருந்து முடிவானது. ஆளுநர் நியமித்த விசாரணைக் குழுவே 2016இல் இதைத் தெளிவாகச் சொன்னது: ஆற்றுக்கு மாற்றியது அவசர நிர்வாகிகள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல.

ஆனாலும் கவுன்சிலை முழுக்க விடுவிக்க மாட்டேன். அதிகாரம் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்க வாய் இருந்தது. ஆற்றுத் தண்ணீரை எப்படிச் சுத்திகரிக்கப் போகிறீர்கள், எத்தனை பேர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று அந்த ஒரு வருடத்தில் உரக்கக் கேட்டிருக்கலாம். 2014 ஏப்ரல் 25ஆம் தேதி டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்தும் பொத்தானை அழுத்தியது மேயர் வாலிங். கையில் தண்ணீர் டம்ளரோடு எல்லோரும் கொண்டாடினார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான், ஏப்ரல் 17ஆம் தேதி, நிலையத்தில் பொறுப்பில் இருந்த ஓர் ஊழியர் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க நேரம் வேண்டும், அடுத்த இரண்டு வாரங்களில் இங்கிருந்து தண்ணீர் விட்டால் அது என் பேச்சை மீறித்தான் நடக்கும், மேலே இருப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு திட்டம் வைத்திருப்பது போலத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். எனக்கு இந்த மின்னஞ்சல்தான் இந்த நிகழ்வின் மையம். தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு நிலையம் தயாரில்லை என்று தெரிந்திருந்தது. அவர் சொன்னது முடிவெடுக்கும் இடத்தை மாற்றவில்லை, ஏனென்றால் அங்கே தேதி ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது.

குழாய்க்குள் என்ன நடந்தது

ஈயக் குழாய்கள் பிளின்ட்டில் மட்டும் இல்லை, பழைய அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உண்டு. அவை இருந்தும் ஈயம் தண்ணீரில் அதிகம் இறங்காமல் இருப்பதற்குக் காரணம் ஆர்த்தோபாஸ்பேட் என்ற உப்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்து வந்தால், வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோலக் குழாயின் உட்புறத்தில் ஒரு படலம் உருவாகும். அது தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கும். டெட்ராய்ட் தண்ணீரில் இந்த உப்பு கலந்தே வந்தது. பிளின்ட் நிலையத்தில் கலக்கவில்லை.

போதாக்குறைக்கு ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு, டெட்ராய்ட் தண்ணீரைப்போல எட்டு மடங்கு இருந்தது. குளோரைடு உலோகத்தை அரிக்கும். பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படலம் கரைய ஆரம்பித்தது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் அரிப்புத் தடுப்பு கட்டாயம் என்று 1991ஆம் ஆண்டின் மத்திய விதி சொல்கிறது. மாநிலச் சுற்றுச்சூழல் துறை அதை வேறு மாதிரிப் படித்தது: முதலில் ஆறு ஆறு மாதமாக இரண்டு முறை சோதனை செய்வோம், அப்புறம் மருந்து தேவையா என்று பார்ப்போம். அதாவது ஊர் மக்களே அந்த ஒரு வருடச் சோதனை. மருந்துக்கு நாளொன்றுக்கு நூறு டாலர் அளவில்தான் ஆகியிருக்கும் என்று பின்னால் பலரும் கணக்குச் சொன்னார்கள்.

இது வெறும் பணச் சிக்கனம் என்று சொன்னால் போதாது. அந்த நூறு டாலரை யாரும் வேண்டுமென்றே மிச்சம் பிடிக்கவில்லை. யாருக்கும் அது பெரிய கேள்வியாகவே தோன்றவில்லை. நிர்வாகியின் வேலை வரவு செலவைச் சரிக்கட்டுவது, அதை வைத்துத்தான் அவரை அளந்தார்கள். தண்ணீர் ஒரு கணக்குத் தலைப்பாக மட்டும் அவர் மேசைக்கு வந்தது.

புகார்கள்

தண்ணீர் மாறிய சில வாரங்களிலேயே நாற்றம், நிறம், தோல் அரிப்பு என்று புகார் வரத் தொடங்கியது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தண்ணீரில் கிருமி தென்பட்டு, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தார்கள். கிருமியைக் கொல்லக் குளோரினைக் கூட்டினார்கள். அதன் துணைப்பொருளான டிரைஹாலோமீத்தேன் வரம்பைத் தாண்டியது. அது நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் புற்றுநோய் வரலாம் என்று கருதப்படும் பொருள். 2015 ஜனவரி தொடக்கத்தில் அந்த விவரம் நோட்டீஸாக வீடுகளுக்கு வந்தது.

இதற்கு நடுவில் 2014 அக்டோபரில் நடந்த ஒன்றுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. பிளின்ட் என்ஜின் ஆலையில் பாகங்கள் துருப்பிடிக்கின்றன, குளோரைடு அதிகம், இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. பக்கத்து டவுன்ஷிப் டெட்ராய்ட் தண்ணீரைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. ஆலைக்கு அங்கிருந்து தண்ணீர் கொடுக்க ஏற்பாடு ஆனது. நகரத்துக்கு இதனால் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வருமானம் போயிற்று. நிர்வாகம் ஒத்துக்கொண்டது. இரும்பு என்ஜினுக்கு ஆகாத தண்ணீர் ஈயக் குழாயை என்ன செய்யும் என்ற கேள்வி அதற்கு அடுத்த வரியிலேயே வந்திருக்க வேண்டும். ஆலைக்கு வேறு வழி இருந்தது. ஊரில் இருந்த வீடுகளுக்கு இல்லை.

ஆலை விலகிய செய்திக்கு அடுத்த நாள், அக்டோபர் 14ஆம் தேதி, ஆளுநர் அலுவலகத்துக்குள்ளேயே மின்னஞ்சல்கள் பறந்தன. ஆளுநரின் தலைமைச் சட்ட ஆலோசகர் பிளின்ட்டில் வளர்ந்தவர், அவருடைய அம்மா அப்போதும் அங்கேதான் இருந்தார். விஷயம் கைமீறிப் போவதற்குள் சீக்கிரமாக டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பிவிடுவது நல்லது என்று அவர் எழுதினார். இன்னொரு ஆலோசகரும் அதையே சொன்னார். அவசர நிர்வாகியிடம் விசாரித்தார்கள். செலவு அதிகம் என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

2015 ஜனவரியில் டெட்ராய்ட் தானாகவே முன்வந்தது. மறு இணைப்புக்கு 40 லட்சம் டாலர் கட்டணம் வேண்டாம், திரும்பி வாருங்கள் என்றது. அவசர நிர்வாகம் மறுத்தது. அதே மாதம் பிளின்ட்டில் இருந்த மாநில அரசு அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்குப் பாட்டில் தண்ணீர் வைக்க ஆரம்பித்தார்கள். மக்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள் வீட்டுக் குழாயில் பிடித்த பழுப்புத் தண்ணீரைப் பாட்டில்களில் தூக்கிக் காட்டினார்கள்.

இரண்டாவது ஓட்டு

மார்ச் 23 தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தது இந்தப் பாட்டில்கள்தான். ஈயத்தைப் பற்றி அன்று கவுன்சிலிடம் முழு விவரம் எதுவும் இல்லை. லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டில் பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் லிட்டருக்கு 104 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது தெரிய வந்திருந்தது (நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்பு 15), ஆனால் அது அந்த ஒரு வீட்டுப் பிரச்சினை என்று அதிகாரிகள் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலுக்குத் தெரிந்தது வார்டில் போன இடமெல்லாம் கேட்ட முணுமுணுப்பு மட்டும்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

சரியான காரணம் தெரியாமலே சரியான முடிவுக்கு அவர்களால் வர முடிந்தது. எப்படி? கவுன்சிலரை ஊரார் கடையில் பிடிப்பார்கள், தேவாலய வாசலில் பிடிப்பார்கள், வீட்டுக்கே வந்து நிற்பார்கள். தொந்தரவுதான். அந்தத் தொந்தரவு வழியாகத்தான் ஒரு நகரத்துக்குத் தன் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வருகிறது. சோதனைச்சாலை அறிக்கை அதற்குப் பின்னால் வருகிறது. அவசர நிர்வாகியை அப்படிப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் லான்சிங்கில், மாநிலத் தலைநகரத்தில் இருக்கிறது. பிளின்ட்டில் பறிபோனது ஓட்டுரிமை என்று பலரும் எழுதினார்கள். என் கணக்கில் அதோடு சேர்த்து, புகார் முடிவாக மாறும் பாதையே அறுந்துபோனது. அதுதான் உயிரைக் குடித்தது.

ஏப்ரல் இறுதியில் ஆம்ப்ரோஸ் விலகினார், அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தார்கள். போகும்போது மாநிலம் நகரத்துக்கு 70 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை: மாநிலத்தின் அனுமதி இல்லாமல் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது, தண்ணீர்க் கட்டணத்தைக் குறைக்கவும் கூடாது. கவுன்சிலின் இரண்டாவது ஓட்டுக்குக் கிடைத்த எழுத்துப்பூர்வமான பதில் இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள், கையை மட்டும் கட்டி.

வெளியே இருந்து வந்த எண்கள்

உள்ளே இருந்தவர்களின் குரல் எடுபடாதபோது, வெளியாட்கள் எண்ணோடு வந்துதான் கதவு திறந்தது. மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் மிகுவெல் டெல் டோரல், பிளின்ட்டில் அரிப்புத் தடுப்பு மருந்தே கலக்கவில்லை என்று கண்டுபிடித்து 2015 ஜூன் 24இல் குறிப்பு எழுதினார். பிப்ரவரியில் கேட்டபோது தடுப்புத் திட்டம் இருக்கிறது என்றுதான் மாநிலத் துறை அவருடைய முகமைக்குச் சொல்லியிருந்தது, ஏப்ரலில்தான் இல்லை என்று ஒத்துக்கொண்டது. அவருடைய மேலதிகாரிகளோ அந்தக் குறிப்பு வரைவு நிலையில்தான் இருக்கிறது என்று மேயரிடம் சொன்னார்கள். ஜூலையில் வாலிங் தொலைக்காட்சியில் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.

நகரம் எடுத்த அதிகாரபூர்வ மாதிரிகள் 71. அவற்றில் இரண்டை மாநிலத் துறை நீக்கச் சொன்னது. நீக்கியதும் ஊரின் ஈய அளவு வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. நீக்கிய இரண்டில் ஒன்று வால்டர்ஸ் வீட்டு மாதிரி. அதே வீட்டில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு எடுத்த மாதிரிகளில் ஒன்று 13,200 மைக்ரோகிராமைத் தொட்டது. ஐயாயிரத்தைத் தாண்டினாலே அது அபாயக் கழிவு என்ற கணக்கில் வரும். அந்தக் குழு மக்களிடமே சோதனைப் பெட்டிகளைக் கொடுத்து, ஊர் முழுக்க 252 மாதிரிகளைச் சோதித்தது.

செப்டம்பர் 24இல் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா தன் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து வைத்தார். தண்ணீர் மாறிய பிறகு ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. மாநிலத் தரப்பு முதலில் அவரைத் தாக்கியது, ஒரு வாரத்தில் தன் எண்களும் அதையேதான் சொல்கின்றன என்று ஒப்புக்கொண்டது. அக்டோபர் 16இல் பிளின்ட் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது. செலவான 1.2 கோடி டாலரில் 60 லட்சம் மாநிலம், 40 லட்சம் ஓர் அறக்கட்டளை, 20 லட்சம் நகரம். ஏழு மாதங்களுக்கு முன் கவுன்சில் கேட்டது இதைத்தான். அந்த ஏழு மாதமும் ஊர் அந்தத் தண்ணீரையே குடித்தது. 2014-15இல் மாவட்டத்தில் லெஜியோனேர்ஸ் என்ற நுரையீரல் நோய் பரவி 12 பேர் இறந்தார்கள்.

பொறுப்பு

2015 நவம்பரில் மேயர் வாலிங்கை மக்கள் தோற்கடித்தார்கள், காரன் வீவர் வந்தார். அதிகாரமே இல்லாத பதவியில் இருந்தவருக்குத்தான் மக்களால் தண்டனை கொடுக்க முடிந்தது. ஆற்று முடிவை எடுத்தவர்கள் ஓட்டுக்குள் வராதவர்கள். வழக்குகள் போடப்பட்டன, 2019இல் கைவிடப்பட்டன, 2021இல் ஸ்னைடர் உட்பட பலர் மீது மறுபடி போடப்பட்டன. ஒரே நீதிபதியை வைத்துக் குற்றச்சாட்டு பதிந்த முறை செல்லாது என்று 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் எல்லாம் முடிந்தது. எந்த அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை. சிவில் வழக்கில் 62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2021இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதில் 60 கோடி மாநிலத்தின் பணம். 50 லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கப் போன முடிவு அது.

2017இல் மறுபடியும் நிரந்தரத் தண்ணீர் எங்கே வாங்குவது என்ற கேள்வி வந்தது. இந்த முறை அது கவுன்சிலிடம் வந்தது. கவுன்சில் இழுத்தடித்தது. முப்பது வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, யாரை நம்புவது என்று உறுப்பினர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். மாநிலத் துறை வழக்குப் போட்டது, மத்திய நீதிபதி கெடு வைத்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பொறுப்பில்லாத தாமதமாகத் தெரிந்தது. 2013இல் வேகமாகக் கையெழுத்துப் போட்டவர்களையும் 2015இல் தீர்மானத்தைக் கிழித்தவர்களையும் பார்த்த ஒரு கவுன்சில் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படித்தது எனக்கு நியாயமாகவே படுகிறது. நவம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. டெட்ராய்ட்டின் பழைய ஏரி அமைப்பை அப்போது நடத்தத் தொடங்கியிருந்த கிரேட் லேக்ஸ் நீர் ஆணையத்திடமே முப்பது வருடத்துக்கு வாங்குவது என்று கவுன்சில் முடிவு செய்தது. கரெக்னாண்டி குழாய்க்காகப் போட்ட பத்திரக் கடனில் பிளின்ட்டின் பங்கு அப்படியே நின்றது. அதை ஈடுகட்டும் சலுகையும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில், 2018இல், நகரம் மாநிலத்தின் நிதி மேற்பார்வையிலிருந்து முழுதாக வெளியே வந்தது. ஈயக் குழாய்களைத் தோண்டி மாற்றும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தெருத் தெருவாக நடந்தது.